ரப்பருக்கு அடியில் ஒரு பொட்டு

நாலு பேர் முன்னால் அவர் வாய் திறந்து பேசி நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. பேச வைத்தவள் நான். அதற்கு முன்பெல்லாம் அவர்மேல் எனக்கு இருந்த ஒரே குறை, இந்த மனுசன் ஒரு வார்த்தை பேசினால்தான் என்ன குறைந்துவிடும் என்பது. என்ன குறையும் என்று இப்போது எனக்குத் தெரியும்.

பெயரை எழுதப் போவதில்லை. அவர் பட்டது போதும்.

செல்லூரில் விசைத்தறிகளுக்கு நடுவே ஒரு சந்து. ஆட்டோ நுழைந்தால் எதிரே வருகிற ஆள் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவு அகலம். அதன் கடைசியில் அவர் பட்டறை, பட்டறைக்குப் பின்னால் வீடு. அடிபட்டு நசுங்கி வரும் கார்களின் தகரத்தைத் தட்டி நிமிர்த்துவது தொழில். கார் உள்ளே வராது என்பதால் சந்து முனையில் இருந்த காலி மனையில் வண்டியை நிறுத்தி, கதவையும் பானெட்டையும் கழற்றி, கல்யாணத்துக்குச் சீர் கொண்டுபோகிற மாதிரி தலையில் தூக்கிக்கொண்டு வருவார். வலது பக்கம் ஆறு தறி, இடது பக்கம் நாலு தறி. பகல் முழுக்க அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. அதனால்தான் கையால் பேசப் பழகிவிட்டார் என்பது அவர் வீட்டம்மாவின் விளக்கம். எனக்கு அதில் முழு நம்பிக்கை கிடையாது. தறி ஓடாத ஞாயிற்றுக்கிழமையிலும் மனுசன் பேசமாட்டார்.

கையால் பேசுவதில் ஒரு கணக்கு வைத்திருந்தார். ஒரு வண்டி எங்கே அடிபட்டது என்று கேட்டால் தன் உடம்பைத் தொட்டுக் காட்டுவார். முன்பக்கம் அடி என்றால் நெற்றி. பின்னால் இடி வாங்கியது என்றால் பிடரி. பக்கவாட்டில் என்றால் கன்னம். கவிழ்ந்த வண்டி என்றால் உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டிவிட்டு, வேறு எங்கோ பார்ப்பார். இதற்குமேல் கேட்டால் "ம்" என்பார். நல்லதுக்கும் அதே "ம்", கெட்டதுக்கும் அதே "ம்".

நான் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியன். காலை ஆறு மணிக்கு ஸ்கூட்டரில் கிளம்பி வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருவதும் என் வேலை. அவர் வீட்டம்மாவுக்குச் சர்க்கரை. நாலு வருடமாக மாதம் ஒருமுறை அந்தச் சந்துக்குள் போய்வந்தேன். ஒருநாள் அந்தம்மா, "இந்தா, இவருக்கும் எடுத்துவிடும்மா, தலை சுத்துதுங்கிறாரு" என்று அவரைப் பிடித்து உட்கார வைத்தார். சுத்தியல் பிடித்த கை, தோல் மாட்டுத் தோலாக இருந்தது. நரம்பு கண்ணுக்குத் தெரியவில்லை. இப்படிப்பட்ட கைகளில் நான் கண்ணால் தேடுவதில்லை. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு விரலால் தடவிப் பார்ப்பேன். விரலுக்கு அடியில் ஓர் இடத்தில் மெத்தென்று எழும்பிக் கொடுக்கும். அங்கே குத்தினால் தப்பாது.

ஊசி ஏறியதும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "நீங்களும் நம்ம தொழில்தான் தாயி" என்றார். நாலு வருடத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அது.

எழுந்துபோய், தட்டி முடித்துப் பெயிண்ட் அடித்து வைத்திருந்த ஒரு கதவைக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்தினார். கண்ணை மூடித் தடவச் சொல்லிச் சைகை காட்டினார். தடவினேன். வழவழவென்று இருந்தது. மறுபடி தடவச் சொன்னார். மூன்றாவது தடவை, நடுவில் ஓர் இடம் மற்ற இடத்தைவிடக் குளிர்ச்சி குறைவாக இருப்பது விரலுக்குத் தெரிந்தது. அங்கேதான் பட்டி பூசியிருந்தார். பள்ளத்தை நிரப்ப மாவு மாதிரி பூசுவார்களே, அதுதான் பட்டி. அதற்கு மேல் பெயிண்ட். கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

அன்றைக்கு எடுத்த ரத்தத்தில் அவர் சர்க்கரை அதிர வைக்கிற அளவில் இருந்தது. ரிப்போர்ட்டைக் கொடுத்து, "அண்ணே, நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும். பிரஷரும் பாக்கணும். விளையாட்டு இல்ல" என்றேன். "ம்" என்றார். எந்த "ம்" என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

எங்களுக்குக் கார் தேவைப்பட்டது என் வீட்டுக்காரரால். வில்லாபுரத்தில் எங்கள் வீடு. அவர் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் சாயங்காலம் ரிங் ரோட்டில் விளக்குப் போடாமல் நின்ற லாரியில் பைக்கோடு போய் மோதினார். இடது காலில் பிளேட் வைத்தார்கள். கால் ஒருவழியாகத் தேறியது, மனசு தேறவில்லை. ஆட்டோவில் ஏறினால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேர்த்து வழிவார். பிசியோதெரபிக்குக் கூட்டிப்போவதே தினம் ஒரு போராட்டம். நாலு பக்கமும் தகரம் உள்ள ஒரு வண்டி இருந்தால் வெளியே வருவேன் என்றார். நான் ஓட்டப் படித்தேன்.

கையில் இருந்த பணத்துக்குப் பழைய கார்தான் வரும். அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "அடிபட்ட வண்டி வேணாம். அடிபட்டது வீட்டுக்கு ஒண்ணு போதும், நான் இருக்கேன்ல." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அந்த விஷயத்தில் அவர் விளையாடவில்லை என்று எனக்குத் தெரியும்.

பழைய கார் பார்க்க யாரைக் கூட்டிப்போவது என்று யோசித்தபோது எனக்கு அந்த விரல்தான் ஞாபகம் வந்தது. கேட்டேன். மறுபேச்சு இல்லாமல் தன் மொபெட்டில் வந்துவிட்டார். பணம் கொடுத்தால் வாங்கமாட்டார். பார்த்து முடித்ததும் தெருமுனைத் தள்ளுவண்டியில் ஒரு டம்ளர் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தால் குடிப்பார். காருக்குள் உட்காரவே மாட்டார். என்ஜினைப் பார்க்கமாட்டார். வெளியே நின்று, கண்ணை மூடி, இடது கை விரல்களின் பின்புறத்தால் வண்டியைச் சுற்றித் தடவிக்கொண்டே நடப்பார். எங்காவது விரல் நிற்கும். அவ்வளவுதான் அவர் சொல்கிற தீர்ப்பு.

முதல் வண்டி ஒரு டாக்டருடையது. "ஒரே கை, பூ மாதிரி ஓட்டுனது" என்றார் புரோக்கர். விரல் டிக்கியில் போய் நின்றது. பிடரியைத் தொட்டார். புரோக்கர் என்னைப் பார்க்காமல் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டாவது வண்டி அவனியாபுரத்தில். வெள்ளை வெளேரென்று, உள்ளே சந்தன வாசம். சொந்தக்காரர் எங்களுக்குக் காபி கொடுத்து, தன் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியெல்லாம் பேசினார். எனக்கு வண்டியைவிட அவரைப் பிடித்துப்போனது. இவர் பக்கங்களைத் தடவினார், முன்னால், பின்னால், ஒன்றுமில்லை. நான் பர்ஸைத் திறக்கப் போனேன். கடைசியாகக் கூரையில் கை வைத்தார். வைத்த கையை எடுக்கவே இல்லை. பிறகு மெதுவாக உள்ளங்கையைக் கவிழ்த்தார். காபி கொடுத்த மனுசன் முகம் வெளுத்துப்போய், "எங்க மச்சினன் ஓட்டிட்டுப் போனப்ப நடந்துருச்சு. அவன் நல்லாத்தான் இருக்கான்" என்றார். நான் பாதிக் காபியைக் கீழே வைத்தேன். இப்படி வாய் நிறையப் பேசுகிறவரை நம்பி, அந்தக் கூரைக்கு அடியில் என் வீட்டுக்காரரை உட்கார வைத்திருப்பேன்.

மூன்றாவது வண்டியில் நடந்ததுதான் கூத்து. இவர் தடவக்கூட இல்லை. நேராகப் போய் ஓட்டுநர் கதவைத் திறந்து, கதவு மூடுகிற இடத்தில் சட்டத்தைச் சுற்றி ஓடுகிற ரப்பரை விரலால் தூக்கினார். அடியில் தகரத்தில், வட்டமாக, சிவப்பாக ஒரு பொட்டு. பெயிண்டுக்கு முன்னால் தகரத்துக்குப் பூசும் ரெட் ஆக்சைடு அது. என்னைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு, தன் நெஞ்சில் பெருவிரலால் தட்டினார். நம்ம கை என்று அர்த்தம்.

வண்டிக்காரருக்குக் கோபம் தலைக்கேறியது. "காசு வாங்கிட்டுத் தட்டுனது நீங்க. இப்ப நீங்களே காட்டிக் குடுக்குறீகளா? இது நல்லாயிருக்கா?"

இவர் ரப்பரைப் பழையபடி அமுக்கிவிட்டு, நிதானமாகச் சொன்னார்: "வாயத் தொறந்தேனா?"

பருத்திப்பால் குடிக்கும்போது எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "தட்டுற வண்டிக்கெல்லாம் பொட்டு வைப்பீகளாண்ணே?" என்றேன். தலையசைத்தார். ஏன் என்று கேட்டேன். டம்ளரைக் காலி செய்து, உதட்டைத் துடைத்துக்கொண்டு, பத்து நாளைக்கான பேச்சைச் சேர்த்துப் பேசினார்: "மறைக்கத்தான் தாயி காசு குடுக்குறாங்க. மறைக்கிறேன். ஒரு எடத்துலயாச்சும் மறைக்காம விடணும்ல."

மூன்று வண்டி பார்த்து முடிந்ததும் என் வீட்டுக்காரர், "இனிமே பழசே வேணாம். கடனோட கடனா புதுசு எடுப்போம்" என்றார். எனக்கும் சலித்துப்போயிருந்தது. புது வண்டி என்றால் யாரையும் கூட்டிப்போக வேண்டாம், யார் முகத்தையும் பார்த்துச் சந்தேகப்பட வேண்டாம். புக் செய்துவிட்டு, அந்த மாதம் ரத்தம் எடுக்கப் போனபோது அவரிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், "எங்க?" என்றார். ஷோரூம் பெயரைச் சொன்னேன். கையில் இருந்த சுத்தியலைக் கீழே வைத்தார்.

"வண்டி எடுக்கப் போகயில நானும் வாரேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "பொறந்த பிள்ளைக்கு போஸ்ட்மார்ட்டம் பாக்கச் சொல்றியா?" நானும் சிரித்தேன். தகரம் தட்டுகிறவருக்குப் புது வண்டியில் என்ன வேலை? அவரிடம் தேதியைச் சொல்லவில்லை. வீட்டம்மாவிடம் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன் போலிருக்கிறது.

வண்டி எடுக்கிற அன்று ஷோரூமில் கார் மேல் சிவப்புத் துணி போர்த்தி வைத்திருந்தார்கள். இரண்டு பேருமாகத் துணியை இழுத்தோம். கைதட்டினார்கள். கேக் வெட்டினோம், போட்டோ எடுத்தார்கள். வெளியே வந்து வண்டி வெயிலில் நின்றபோது பார்க்கிறேன், எதிர்ச் சாரியில் மொபெட்டைச் சாய்த்து நிறுத்திவிட்டு அவர் நிற்கிறார். அழைக்காத வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கையசைத்துக் கூப்பிட்டேன்.

வந்தார். வண்டியின் இடது பக்கம், வெயில் சாய்ந்து விழுகிற கோணத்தில் நின்று, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு இடது கையை நீட்டினார். விரல் முன்கதவைத் தொடப் போகிற நேரத்தில் என் வீட்டுக்காரர், "அண்ணே அண்ணே, கை வைக்காதீக, ரேகை விழுந்துரும்" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார்.

அவர் கையை இழுத்துக்கொண்டு சட்டையில் துடைத்தார். நான் ஒரு தட்டில் கேக் துண்டைக் கொடுத்தேன். அதைச் சாப்பிடாமல் கையில் வைத்துக்கொண்டு, என்னையே பார்த்தார். பார்த்துக்கொண்டே தன் கன்னத்தைத் தொட்டார். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. கேக் ஒட்டியிருக்கிறது, துடைக்கிறார் என்று நினைத்து நான் டிஷ்யூ பேப்பரை நீட்டினேன்.

அதையும் வாங்கிக்கொண்டு, "வாரேன் தாயி" என்று போய்விட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை அழகர்கோவிலுக்குப் போனோம். புது வண்டி எடுத்தால் பதினெட்டாம்படிக் கருப்பு முன்னால் கொண்டுபோய் நிறுத்திப் பூஜை போடாமல் எங்கள் பக்கம் யாரும் ஓட்டமாட்டார்கள். மூடிய கதவுக்குச் சந்தனம் சாத்தியிருக்கும். அந்தக் கதவுதான் சாமி. இரண்டு வருடத்துக்குப் பிறகு என் வீட்டுக்காரர் அத்தனை தூரம் வந்தார். கம்பியைப் பிடிக்கவில்லை, வேர்க்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு, வழியெல்லாம் இரண்டு பக்கமும் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார். "அம்புட்டுச் சொகமா இருக்குடி" என்றார். அவர் முகத்தைப் பார்த்து, கடன் வாங்கினது தப்பே இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

வண்டிக்கு மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். மாலையின் நுனியை இரண்டு பக்கக் கதவிலும் கொடுத்து மூடவேண்டும், இல்லையென்றால் காற்றில் பறந்துவிடும். அவர் பக்கத்துக் கதவைத் திறந்து நூலை உள்ளே சொருகினேன். நிற்கவில்லை. ரப்பரைத் தூக்கி அதற்கடியில் சொருகலாம் என்று தூக்கினேன். அடியில் சிவப்பாக ஒரு பொட்டு.

குங்குமம் பட்டுவிட்டது என்று நினைத்து முந்தானையால் துடைத்தேன். போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தேன். போகவில்லை. நகத்தால் சுரண்டினேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேக் தட்டோடு அவர் கன்னத்தைத் தொட்டது கண் முன்னால் வந்து நின்றது. இவ்வளவு நாள் அந்தக் கைப்பேச்சைப் படித்தவள் நான். அது எனக்குச் சொன்ன ஒரே முக்கியமான செய்திக்கு டிஷ்யூ பேப்பர் கொடுத்திருக்கிறேன்.

"என்னடி, நூல் நிக்கலையா?" என்றார் சீட்டிலிருந்து.

"நின்னுருச்சு" என்று ரப்பரை அமுக்கினேன். வில்லாபுரம் வந்து சேரும்வரை அவர் பக்கம் நான் திரும்பவே இல்லை.

மறுநாள் விடிந்ததும் செல்லூருக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அவர் சுத்தியலை வைத்துவிட்டுச் சந்து முனைக்கு வந்தார். தறிச் சத்தம் அங்கே கொஞ்சம் குறைவு.

"அது உங்க பொட்டாண்ணே?"

"ம்."

"புது வண்டில எப்படிண்ணே?"

வண்டியைப் பற்றி இல்லை, தன்னைப் பற்றி மட்டும் சொன்னார். ஷோரூம்காரர்கள் புது வண்டிகளை இறக்கி வைக்கிற யார்டில் வேலைக்கு ஆள் பிடிக்கிற ஒரு கான்ட்ராக்டர் மூன்று வருடத்துக்கு முன்னால் அவரை அழகர்கோவிலுக்குக் கூட்டிப்போயிருக்கிறார். "கருப்பு படியில சூடத்த ஏத்தி, கையால அடிச்சு அணைச்சுச் சத்தியம் பண்ணிருக்கேன் தாயி. அங்க பாக்குற வேலைய வாயால சொல்லமாட்டேன்னு." அப்போது வீட்டம்மாவின் கண்ணுக்கு ஆபரேஷன். வேலை தேவைப்பட்டிருக்கிறது.

அதே படிக்கு முன்னால்தான் நேற்று என் வண்டி மாலையோடு நின்றது.

நான் ஷோரூமுக்குப் போனேன். மேனேஜர் ரப்பருக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "மேடம், இது கம்பெனியிலயே செக் பண்ணி வைக்கிற மார்க்." வேறு வண்டியில் காட்டச் சொன்னேன். எல்லா வண்டியிலும் வைக்கமாட்டார்களாம். "அடிபட்டதுங்கிறீங்க, யார் சொன்னா? எழுதிக் குடுப்பாங்களா?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

வீட்டில் இதற்குமேல் மறைக்க முடியவில்லை. சொன்னேன். என் வீட்டுக்காரர் ஒன்றும் கத்தவில்லை. நொண்டிக்கொண்டே போய் அந்தப் பொட்டைப் பார்த்தார். "இந்தக் கதவோரமாத்தான் நான் சாஞ்சுக்கிட்டு வந்தேன்" என்றார். உள்ளே போய்ப் படுத்துவிட்டார். அடுத்த நாள் பிசியோதெரபிக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள், "என்னைய விட்டுரு, நான் இப்படியே இருந்துக்கிறேன்" என்றார். அந்த ஒரு சொல்லில் இரண்டு வருட உழைப்பு போயிற்று.

அந்தக் கோபத்தில்தான் மறுபடி செல்லூருக்குப் போனேன். அழுதேன், கெஞ்சினேன். "ஒரு வார்த்தைண்ணே. வந்து, நான் தட்டுனதுன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்." அவர் முடியாது என்று தலையை மட்டும் ஆட்டினார். சத்தியம் என்று கையை அடித்துக் காட்டினார். தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்துக்கு மேலே கேட்கவேண்டும் என்று நான் கத்தினேன்: "இதுக்குக்கூடத் தொறக்காத வாய் உங்களுக்கு எதுக்குண்ணே?"

தறிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வீட்டம்மா வாசலுக்கு வந்தார். நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்தச் சொல்லைத் திருப்பி எடுத்துக்கொள்ள முடியுமானால் என்ன கொடுக்கவும் தயார்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் எங்கள் வாசலில் மொபெட் சத்தம். வெள்ளைச் சட்டை போட்டு, விபூதி பூசி வந்திருந்தார். "வண்டிய எடுங்க தாயி, போவோம்" என்றார். நான் காரில் முன்னே போக, அவர் மொபெட்டில் பின்னாலேயே வந்தார். அன்றைக்கும் காருக்குள் ஏறவில்லை.

ஷோரூமில் நல்ல கூட்டம். துணி போர்த்திய வண்டி ஒன்று, கேக், ஒரு குடும்பம். மேனேஜரைத் தனியறைக்குக் கூப்பிடலாம் என்று நான் நினைத்தேன். அவர் நடுக்கூடத்திலேயே நின்றுவிட்டார். என்னைப் பார்க்கவில்லை, மேனேஜரையும் பார்க்கவில்லை. தறிச் சத்தத்துக்கு நடுவே பேசுகிறவர் மாதிரி உரத்த குரலில் சொன்னார்:

"இந்தம்மா வண்டி ட்ரெய்லர்ல இருந்து எறக்கயில சாஞ்ச வண்டி. இடது பக்கம் ரெண்டு கதவும் நடுச் சட்டமும் அமுங்கி வந்துச்சு. யார்டுல வச்சுத் தட்டுனது நான். பட்டி போட்டது நான். பெயிண்ட் மட்டும் வேற ஆளு. பொட்டு என்னோடது."

மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இவர் வெளியே வந்து, கதவைத் திறந்து, ரப்பரைத் தூக்கி, அந்தப் பொட்டுக்குப் பக்கத்தில் தன் பெருவிரலை வைத்தார். நான் அதுவரை அதைச் சிவப்பு வட்டமாக மட்டும்தான் பார்த்திருந்தேன். காய்ந்துபோன ரெட் ஆக்சைடில் வரிவரியாக ரேகை ஓடியிருந்தது. அவர் பெருவிரலின் குறுக்கே ஒரு பழைய வெட்டுத் தழும்பு. பொட்டிலும் அதே இடத்தில் அதே கோடு. கேக் வெட்ட வந்த குடும்பம் கத்தியோடு அங்கே வந்து எட்டிப் பார்த்தது.

வேறு வண்டி தருவதாக அப்போதே ஒப்புக்கொண்டார்கள். இதைப் பெரிதாக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். நான் ஜெயித்துவிட்டேன். வாசலில் அவரிடம், "அண்ணே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல" என்றேன். அவர் "ம்" என்றுகூடச் சொல்லவில்லை. நெற்றி விபூதி வேர்வையில் கரைந்திருந்தது. மொபெட்டை உதைத்துக்கொண்டு போனார்.

பதினோராவது நாள், புது வண்டி எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, பட்டறையில் அவர் கையிலிருந்து சுத்தியல் விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் எழவில்லை. பெரியாஸ்பத்திரியில் பிழைக்க வைத்துவிட்டார்கள். பக்கவாதத்தில் வலது கையும் காலும் போயிற்று. வாய் ஒரு பக்கமாகக் கோணி, பேச்சு சுத்தமாக நின்றுபோனது.

சந்து முழுக்க ஒரே பேச்சு. சத்தியத்த மீறுனதுக்குக் கருப்பு கேட்டுட்டாரு என்றார்கள். அந்தக் கான்ட்ராக்டர் இதைச் சொல்லிச் சொல்லியே மற்ற ஆட்களைப் பயமுறுத்தி வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். நான் அதை நம்பவில்லை. அவர் சர்க்கரை எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அந்த ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டவள் நான். மாத்திரை சாப்பிடாமல் இருந்தால் என்ன நடக்கும் என்று தினம் பத்துப் பேருக்கு எடுத்துச் சொல்கிறவள். இதையெல்லாம் எனக்கு நானே பகலில் அழகாகச் சொல்லிக்கொள்வேன். ஆனால் அழகர்கோவில் பக்கம் இன்றுவரை என்னால் போக முடியவில்லை. சாமிக்குப் பயந்து இல்லை. அவர் வாய் எதற்கு என்று கேட்டது கருப்பு இல்லை, நான்.

நாலு மாதம் நான் அந்தச் சந்துக்குள் நுழையவில்லை. ரத்தம் எடுக்க வேறு பெண்ணை அனுப்பினேன். என் வீட்டுக்காரர்தான் ஒருநாள், "வண்டிய எடு. அண்ணனப் பாத்துட்டு வருவோம்" என்றார். அவர் இப்போது மறுபடி ஜவுளிக்கடைக்குப் போய்வருகிறார். புது வண்டியில் இடது பக்கம்தான் உட்காருகிறார். நான் இன்னும் அந்த வண்டியின் ரப்பரைத் தூக்கிப் பார்க்கவில்லை, தைரியம் இல்லை.

சந்து முனையில் காலி மனையில் வண்டியை நிறுத்தினேன். வீட்டம்மா அவரைத் தோளில் தாங்கி மெல்ல நடத்திக்கொண்டு வந்தார். பாதி ஆளாகியிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

என் வீட்டுக்காரர் கம்பை ஊன்றி இறங்கி, தன் பக்கத்துக் கதவை அகலத் திறந்து பிடித்தார். "அண்ணே, கை வைங்கண்ணே" என்றார். "நல்லா வைங்க."

அவர் வீட்டம்மாவை விட்டுவிட்டுக் காரைப் பிடித்துக்கொண்டார். நல்லவேளை, இடது கை அவருக்கு மிச்சம் இருந்தது. கண்ணை மூடி, விரல்களின் பின்புறத்தால் முன்கதவைத் தடவினார். பின்கதவு, டிக்கி, அந்தப் பக்கம், பானெட். காலை இழுத்து இழுத்து முழுச் சுற்று வந்தார். திரும்பி வந்து ரப்பரை விரலால் நெம்பித் தூக்கி, ஓரமெல்லாம் பார்த்தார். ரப்பரை அமுக்கிவிட்டுத் தலையை இல்லை என்று ஆட்டினார். எங்கேயும் அடி இல்லை.

என் வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டார். ஆனால் காரைத் தடவிய விரல் இன்னும் நிற்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே அதைத் தன் முகத்துக்குக் கொண்டுபோனார். நெற்றியைத் தடவியது, நிற்கவில்லை. மூக்கைத் தாண்டியது. தொங்கிப்போன வலது கன்னத்தில் வந்து நின்றது. ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை தொட்டுக் காட்டினார்.

பக்கவாட்டில் அடி.

இந்தத் தடவை எனக்குப் புரிந்தது. அவர் சிரித்தார். அதைப் பார்த்து என் வீட்டுக்காரரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். என்னால் மட்டும் சிரிக்க முடியவில்லை.